அரை மில்லிமீட்டர்

எட்டாவது மாடியில் லிஃப்ட் தரைக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கிறது என்று புகார் வந்திருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் தடுக்கிக்கொண்டிருந்தார்கள். வழக்கறிஞர் ஒருவர் கையில் காகிதக் கட்டோடு தடுக்கிப் போய்த் தன் கட்சிக்காரரின் மடியிலேயே விழுந்துவிட்டாராம். அதனால் காலை பத்து மணிக்கே அவள் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஸ்பேனரைத் திருகிக்கொண்டே வாயால் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஏதோ முணுமுணுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கம்பியை விரலால் மேலே தள்ளும்போது சுரம் எப்படி ஏறும், ஏறிய இடத்தில் எப்படி நடுங்கும், அடுத்த சுரத்துக்கு முன் எவ்வளவு நேரம் சும்மா இருக்கும், எல்லாம் அந்த வாயில் இருந்தது. லிஃப்ட் ஓடும் அந்தச் சதுரக் கிணறு அதை வாங்கி, பத்து மாடிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது.

எட்டாவது மாடிக் கதவு திறந்தது. தபால் பையோடு மாமா நின்றார். மாமா என்றால் அக்காவின் கணவர். அந்தத் தெருவின் தபால்காரர். கால்சட்டைப் பையில் எப்போதும் ரப்பர் பட்டைகள் வைத்திருப்பவர்.

"என்ன மச்சினிச்சி, தலை மட்டும் தரையில முளைச்சிருக்கு. உடம்பு எங்க?"

"அது கீழ வேலை பாக்குது மாமா. தபால் ஏதாவது இருக்கா?"

"தபால் இல்ல, சேதிதான். எங்க குழுவுல லீட் கிட்டார் வாசிக்கிறவருக்கு வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சு. பதினஞ்சாம் தேதி கச்சேரி. ஆள் இல்லாம டாக்டர் தலையில கை வச்சுட்டு உக்காந்திருக்கார்."

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். முகத்தில் பட்டிருந்த கிரீஸைத் துடைப்பதாக நினைத்து இன்னும் நன்றாகப் பூசிக்கொண்டாள்.

"ஆள் இல்லன்னு யார் சொன்னது? தலை மட்டும் தெரியுதே, அதுதான் ஆள்."

மாமா வாசித்த குழுவில் மூன்று பேர் மிச்சம். ட்ரம்ஸுக்குப் பல் டாக்டர், பாட்டுக்கு அச்சகக்காரர், பேஸ் கிட்டாருக்கு மாமா. மூவருமே ஐம்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். அவர்கள் வாசிப்பது ஒரே ஒரு மனிதரின் பாடல்களை மட்டும்தான். ப்ளூஸும் ராக்கும் கலந்து வாசித்து, இருபது வருடம் முன்பு இறந்துபோன ஒரு கிட்டார்காரர். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிதானம்'. மற்றவர்கள் ஒரு மூச்சில் நாற்பது சுரம் கொட்டிய காலத்தில், நாலு சுரத்தை வைத்துக்கொண்டு ஒரு அரங்கத்தையே அழவைத்தவர். ஒரு சுரத்தைச் சொல்லிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்வாராம்.

அவளுக்கு இப்போது முப்பத்தொன்று. பதின்மூன்று வயதில், ஒரே ஒரு கேஸட்டும் ஒரு பழைய டேப் ரெக்கார்டரும் வைத்துக்கொண்டு அவரிடம் சேர்ந்தாள். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, ஆனால் அதை அவர்கள் இருவருமே பொருட்படுத்தவில்லை. பதினெட்டு வருடமாக ஒரு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, அவரோடுதான் வாசிக்கிறாள். உயிருள்ள ஒரு மனிதரோடு ஒருநாள்கூட வாசித்ததில்லை. கேஸட் நல்ல துணைதான். ஆனால் ஒரு குறை, அது யாருக்காகவும் நிற்காது. தும்மல் வந்தால்கூட அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். தான் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், எதிரே இன்னொருவர் அதற்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. முன்பே இரண்டு முறை கேட்டிருக்கிறாள். இரண்டு முறையும் இடம் காலியில்லை.

"வாசிச்சுடுவியா?" என்றார் மாமா.

"அவர் எங்க எச்சில் முழுங்குவார்னுகூட எனக்குத் தெரியும்."

"கொஞ்சம் அடக்கமா சொல்லலாம்ல?"

"அடக்கமாத்தான் சொல்றேன்."

*

புதன்கிழமை மத்தியானம் பல் மருத்துவமனைக்கு விடுமுறை. எக்ஸ்ரே அறைக்குப் பின்னாலிருந்த நீள அறையில்தான் ஒத்திகை. சுவர் நெடுக மர அடுக்குகள், அதில் வரிசை வரிசையாக பிளாஸ்டரில் வார்த்த தாடைகள். மாமா பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைத் தட்டினால் போதும், இருநூறு தாடைகளும் கடகடவென்று பல்லடிக்கும். "நம்ம ரசிகர்கள்" என்று மாமா அறிமுகம் செய்துவைத்தார்.

நடுவில் ஒரு சின்ன மேசையில் ரெக்கார்டு பிளேயர். டாக்டர் மிகச் சுத்தக்காரர். கதவுக் கைப்பிடியிலிருந்து ட்ரம்ஸ் திருகாணி வரை முகம் பார்க்கலாம். அந்த ரெக்கார்டு பிளேயரோ நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருக்க வேண்டியதுபோல மின்னியது.

"இங்க ஒரு வழக்கம் இருக்கும்மா," என்றார் டாக்டர். "நாங்க கருவி வச்சு சுருதி சேக்குறதில்ல. அவர்கிட்டயே கேட்டுக்குவோம்."

இசைத்தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தார். மெதுவான அந்தப் பாட்டின் முதல் சுரம் வந்தது. தொட்டுக் கொஞ்ச நேரம் நின்று, தொய்ந்து, அடங்கியது. டாக்டர் முள்ளை எடுத்தார். மாமா தன் கம்பியை அதற்குச் சேர்த்தார். அச்சகக்காரர் கண்ணை மூடி ஒரு 'ம்' போட்டுக்கொண்டார்.

அவள் தன் கிட்டாரைத் தொட்டுப் பார்த்தாள். எங்கேயோ மேலே இருந்தது. ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தினாள். தளர்த்தினாள், இன்னும் தளர்த்தினாள்.

"இவ்வளவு கீழயா?"

"நிதானம்னா கீழதான்," என்றார் மாமா.

கம்பிகள் நனைந்த நூல்போல விரலில் குழைந்தன. பரவாயில்லை, கைக்குத் தெரியாததா என்று அவள் தொடங்கினாள். முதல் சுரத்திலேயே தடுக்கியது. இறுக்கமான கம்பியைத் தள்ளித் தள்ளிப் பழகிய விரல், இந்தத் தளர்ந்த கம்பியைத் தள்ளியதும் அது போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. இரண்டு விரற்கடை மேலே. இழுத்துக் கீழே கொண்டுவருவதற்குள் அடுத்த சுரத்தின் நேரம் வந்துவிட்டது. அடுத்ததை அவள் எடுத்தபோது மற்ற மூன்று பேரும் அங்கே வந்து சேரவே இல்லை. அவள் ஒரு தெரு முன்னால் போய்விட்டிருந்தாள்.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. அச்சகக்காரர் நீளமான வரி ஒன்றைத் தொடங்கினார். ஒரே மூச்சில் பாட வேண்டிய வரி. முக்கால்வாசியில் அவர் குரல் கிழிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

டாக்டர் குச்சியால் ட்ரம்ஸின் விளிம்பில் டக் என்று ஒரு தட்டு தட்டினார். தாடைகள்கூட நின்றன.

"யாரும்மா உன்னைத் துரத்துறாங்க?"

"டாக்டர்?"

"நாய் துரத்தின மாதிரி ஓடுற. நிதானம்னு பேர் வச்சிருக்கோம் அந்த மனுஷனுக்கு. நீ வாசிக்கிறது அவசரம்."

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "கேஸட்டுல இப்படித்தான் இருக்கு."

"கேஸட்!" என்றார் டாக்டர், வாய்க்குள் பூச்சி போனதுபோல. இசைத்தட்டை முழுவதும் ஓடவிட்டார்.

அவள் நின்றபடி கேட்டாள். அதே பாட்டு, அதே சுரங்கள். ஆனால் பாடியது கிணற்றின் அடியிலிருந்து பேசுகிற கனத்த மனிதர். பதினெட்டு வருடம் பழகிய ஆளின் வீட்டுக்குப் போனால், கதவைத் திறந்து அவருடைய பெரியண்ணன் எட்டிப் பார்த்ததுபோல இருந்தது.

"ஞாயித்துக்கிழமை மூணு மணி," என்றார் டாக்டர். "வாத்தியக் கடைக்காரரும் இந்த இடத்தைக் கேட்டிருக்கார். ரெண்டு பேரும் வாங்க. நாங்க மூணு பேரும் உங்களுக்கு முதுகைக் காட்டித்தான் வாசிப்போம். முகம் பாக்க மாட்டோம், கை பாக்க மாட்டோம். பாட்டு முடியற வரைக்கும் யாரும் திரும்பக் கூடாது. காதுக்கு யாரைப் பிடிக்குதோ அவங்க."

வாசலில் அச்சகக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "மனசுல வச்சுக்காதேம்மா. நானே இந்தக் கச்சேரியோட நிறுத்திக்கறதா இருக்கேன். பன்னெண்டு வருஷம் முன்ன அந்த வரியைப் பாடி முடிச்சு, மிச்ச மூச்சுல ஒரு விசிலும் அடிப்பேன். இப்ப வருஷத்துக்கு வருஷம் கட்டையாகுது. நுரையீரலும் தேயும்போல."

*

வீட்டுக்கு வந்ததும் அவள் டேப் ரெக்கார்டரைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துப் போட்டாள். அக்கா ஒரு கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"தோத்துட்டு வந்து அதை ஏன்டி அடிக்கிற?"

"யாரு தோத்தது? விசாரணை நடக்குது."

நான்கு திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே மோட்டார், அதன் முனையில் சுட்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கப்பி, அதிலிருந்து மெல்லிய ரப்பர் பெல்ட். லிஃப்டுக்கு மேலே ஆள் உயரத்துக்கு இருக்கும் அதே சாமான்தான் இங்கே பொம்மைபோல இருந்தது. கப்பி சிவப்பு நிறம். அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அக்காவுக்கும் வந்தது.

"அது என் முயலோட சக்கரம்!"

சாவி கொடுத்தால் ஓடுகிற ஒரு தகர முயல் அக்காவிடம் இருந்தது. பதின்மூன்று வயதில், டேப் ரெக்கார்டரின் கப்பி விரிசல் விட்டபோது, தங்கை அந்த முயலின் பின்சக்கரத்தைப் பிடுங்கி, அராவி, பொருத்தினாள். அவள் வாழ்க்கையின் முதல் ரிப்பேர். அன்று அப்பா எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். முயல் அதற்குப் பிறகு ஓடவே இல்லை. அக்கா அதை இன்றுவரை மறக்கவும் இல்லை.

பழைய, விரிசல் விட்ட கப்பி அவளுடைய தகர டப்பாவில்தான் இருந்தது. அவள் எதையும் தூக்கிப் போடுகிற ரகம் இல்லை. வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். பழையது எட்டு மில்லிமீட்டர். முயல் சக்கரம் எட்டரை.

அரை மில்லிமீட்டர். கப்பி பெரிதானால் பெல்ட் வேகமாக ஓடும், பெல்ட் வேகமாக ஓடினால் டேப்பும் ஓடும், குரலும் ஏறும். கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக அரைச் சுரம்.

"அடிப்பாவி," என்றாள் தன்னைத்தானே.

பதினெட்டு வருடமாகச் சந்தேகம் வராததற்கும் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பௌதிக அறையிலிருந்து கடன் வாங்கி, திருப்பித் தராத ஓர் இசைக்கவை அவளிடம் உண்டு. உலகத்தார் எல்லாரும் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கிற அளவு அது. நிதானம் அந்த உலகத்தைவிட அரைச் சுரம் கீழே வைத்து வாசித்தவர். முயல் அவரை அரைச் சுரம் மேலே தூக்கிவிட்டது. அதனால் கேஸட்டும் இசைக்கவையும் அச்சு அசலாகப் பொருந்திப்போயின. இரண்டு சாட்சிகள் ஒரே பொய்யைச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

"அப்ப இத்தனை வருஷமா நீ வாசிச்சது நிதானம் இல்ல," என்றாள் அக்கா கரண்டியை ஆட்டி. "முயல்."

"சிரி, நல்லா சிரி."

"என் முயல் சும்மா விடுமா? பழி வாங்கிடுச்சு."

அன்று மாலையே அவள் சக்கரத்தை அராவத் தொடங்கினாள். நாலு தேய்ப்பு, ஓர் அளவு. நாலு தேய்ப்பு, ஓர் அளவு. எட்டு வந்ததும் நிறுத்தி, மாட்டி, கேஸட்டைப் போட்டாள்.

அந்த மனிதர் வந்தார். இவர் கிணற்றடி அண்ணனும் இல்லை, அவளோடு ஓடிக்கொண்டிருந்த இளைஞனும் இல்லை. நடுத்தர வயதுக்காரர், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர், தொண்டையில் கொஞ்சம் மணல். அவள் வெகுநேரம் கிட்டாரைத் தொடவே இல்லை. இதுவரை சுரங்களைக் கேட்டிருக்கிறாள். இப்போது சுரங்களுக்கு நடுவிலிருந்த இடம் கேட்டது. முன்பு அவர் எச்சில் விழுங்குகிறார் என்று நினைத்த இடத்தில் உண்மையில் அவர் கிட்டாரின் சத்தத் திருகைச் சுண்டுவிரலால் கொஞ்சம் குறைக்கிறார். பாட்டுக்கு இடம்விடும்போது ஆறில் வைக்கிறார், பேச வரும்போது பத்துக்கு ஏற்றுகிறார். அந்த ஏற்றத்தில்தான் ஆம்ப்ளிஃபயர் லேசாகக் கிழிந்து உறுமுகிறது. உறுமலுக்குத் தனியாக ஒரு பெட்டியும் இல்லை. ஒரு சுண்டுவிரல்தான்.

கிட்டாரை எடுத்தாள். மருத்துவமனையில் சேர்த்த சுருதியே இன்னும் அதில் இருந்தது. டேப்போடு சேர்த்து வாசித்தாள்.

சேரவில்லை. இப்போது அவள் கிட்டார் அரைச் சுரம் கீழே இருந்தது.

அராவினதில் தப்பா என்று சக்கரத்தைக் கழற்றி அளந்தாள். எட்டு. திருப்பிப் பிடித்து அளந்தாள். எட்டு. பழைய கப்பியை அளந்தாள். எட்டு. வெர்னியர் மாற்றிப் பேசுகிற சாமான் இல்லை. அப்படியானால் மாற்றிப் பேசுவது வேறு ஏதோ.

"மாமா," என்று கூப்பிட்டாள். "டாக்டரோட ரெக்கார்டு பிளேயரை யார் பாத்துக்கறது?"

மாமா உள்ளே ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "அவரேதான். வேற யாரையும் தொட விடமாட்டார். வருஷத்துக்கு ஒருதரம் பிரிச்சுப் போட்டு, பல்லுக்கு பாலிஷ் போடுவாரே, அந்தக் கருவியாலேயே ஒவ்வொண்ணா தேய்ச்சு..."

"உள்ள சின்னதா ஒரு பித்தளைக் கப்பி இருக்குமே, அதையும் தேய்ப்பாரா?"

"அதைத்தான் முதல்ல தேய்ப்பார். தங்கப் பல்லு மாதிரி இருக்கும்."

"எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு இருக்கும்."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. ஒவ்வொரு வருடமும் கப்பி ஒரு மயிரிழை மெலிந்திருக்கிறது. இசைத்தட்டு ஒரு மயிரிழை மெதுவாகியிருக்கிறது. அவர்களோ ஒவ்வொரு வாரமும் அதனிடமே சுருதி கேட்டு, அதன் கூடவே இறங்கிப் போயிருக்கிறார்கள். நாலு பேரும் கைகோத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல்.

புரிந்ததும் மாமா உட்கார்ந்தார். "இதை அவர்கிட்ட சொல்லிடாதே. சுத்தம்தான் அவர் மானம். எங்க சுருதியிலயே வாசிச்சு இடத்தை வாங்கிக்கோ. அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்."

"எப்ப? இன்னும் பன்னெண்டு வருஷம் கழிச்சா?"

*

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் வாத்தியக் கடைக்குப் போனாள். கடைக்காரர் போட்டிக்காரர் என்பதால் வியாபாரத்தை விட்டுவிட முடியுமா?

"ரொம்பத் தடிச்ச கம்பி வேணும்."

"விரல் கிழிஞ்சுடும், சொல்லிட்டேன்," என்றார் கடைக்காரர். அவர் காலடியில், கிட்டாரின் சத்தத்தை மாற்றும் பதினோரு பெடல்கள் ஒரு பலகையில் வரிசையாக மின்னின. "நிதானத்தோட டோன் எங்க இருக்கு தெரியுமா? இதோ, இந்தப் பச்சைக்கும் இந்த மஞ்சளுக்கும் நடுவுல. ஏழு வருஷம் தேடியிருக்கேன்."

"அவர்கிட்ட ஒரு பெடல்கூட இல்லையே அண்ணே."

"அதான். பெடலே இல்லாத மாதிரி கேக்க வைக்கத்தான் பதினோரு பெடல் வேண்டியிருக்கு."

அவளுக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. "டாக்டர் சுருதி உங்களுக்குச் சரியா படுதா?"

"பாதாளத்துல கிடக்கு. என் கருவியை வச்சுப் பாத்தேன். போய்ச் சொன்னா, 'கருவி பெருசா, நிதானம் பெருசா?'ன்னு கேட்டார். நமக்கெதுக்கு வம்பு? இந்த பட்டனை அமுக்கினா எல்லாச் சுரமும் தானா கீழ இறங்கிடும்."

தடித்த கம்பியைத் தளர்த்திக் கட்டியபோது, பழைய மெல்லிய கம்பியின் இறுக்கம் கைக்குத் திரும்பி வந்தது. நிதானத்தின் கனம் இப்போது கம்பியிலேயே இருந்தது. விரல் தள்ளினால் அது எதிர்த்துத் தள்ளியது. மூன்று நாளும் அவள் பாட்டை வாசிக்கவே இல்லை. ஒரே ஒரு சுரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். லிஃப்டை நிறுத்துவதுபோலத்தான். மாடி வந்தபிறகு பிரேக் போட்டால் தாண்டிப் போகும், தடுக்கும். மாடி வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கடைசி ஒரு விரற்கடையைத் தவழ்ந்து கடந்து, தரையும் தரையும் ஒட்டிய பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். கதவு திறப்பதுதான் அந்த நடுக்கம். முன்பு அவள் ஓடுகிற லிஃப்டிலேயே கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா அறை வாசலில் வந்து நின்றாள். கேலி செய்ய வந்தவள் கொஞ்சம் நின்று கேட்டாள். "முயல் செத்துப்போச்சுடி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கடைக்காரர் முதலில் வாசித்தார். மூன்று முதுகுகளுக்குப் பின்னால் நின்று, பட்டனை அமுக்கி, ஒரு சுரம் பிசகாமல் முடித்தார். அச்சகக்காரர் அந்த நீள வரியில் வழக்கமான இடத்தில் விழுந்து எழுந்தார். "குறை சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

"அடுத்து நீ. சுருதி கேட்டுக்கோ." டாக்டர் முள்ளைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் டாக்டர். அவர்கிட்ட நான் வேற ஒண்ணு கேக்கணும்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து, இசைத்தட்டின் நடுக் காகிதத்தில் ஒட்டினாள். "உங்க கைக்கடிகாரத்தைப் பாத்து ஒரு நிமிஷம் சொல்லுங்க. இந்த வெள்ளைத் துண்டு எத்தனை சுத்து வருதுன்னு எல்லாரும் எண்ணுவோம்."

எண்ணினார்கள். கடைக்காரர் உரக்க எண்ணினார். அச்சகக்காரர் விரல் விட்டார். முப்பத்தொன்றரை.

"அந்தக் காகிதத்துலயே போட்டிருக்கு, முப்பத்திமூணேகால் சொச்சம் வரணும்னு," என்றாள் அவள். "என் டேப் அரைச் சுரம் மேல இருந்துச்சு. என் தப்பு, முயல் சக்கரம் போட்டேன். இது அரைச் சுரம் கீழ இருக்கு. உள்ள இருக்கிற கப்பியை வருஷா வருஷம் பாலிஷ் போட்டதுல தேஞ்சுருக்கு. வெர்னியர் கொண்டுவந்திருக்கேன், வேணும்னா அளக்கலாம்."

அறையில் ஒரு தாடைகூட அசையவில்லை. டாக்டரின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. அவர் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, இன்னொரு நிமிடம், தனியாக, உதடு அசைய எண்ணினார். முப்பத்தொன்றரையில் நின்றார்.

"நான் தேய்ச்சேனா?" என்றார். குரல் சின்னதாக இருந்தது.

"நல்லா தேய்ச்சிருக்கீங்க டாக்டர்."

"வேற யாராவது சொல்லியிருந்தா இந்நேரம் வாசலுக்கு அனுப்பியிருப்பேன்." அவர் ட்ரம்ஸுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "இது கணக்கு. பாட்டு வேற. உன் சுருதியில, உன் வேகத்துல வாசி. நிதானம் அதுல வரலைன்னா இடம் கடைக்காரருக்கு. மறுபேச்சு கிடையாது."

"சரி."

இசைக்கவைக்கு அரைச் சுரம் கீழே அவள் ஒரு சுரம் கொடுத்தாள். மாமா கம்பியை ஏற்றினார், கொஞ்சம் பயந்து பயந்து. மூவரும் மறுபடி அவளுக்கு முதுகைக் காட்டினார்கள்.

பாட்டு கிட்டாரில்தான் தொடங்கும், தனியாக. அவள் சத்தத் திருகை ஆறில் வைத்தாள். தடித்த கம்பியை விரலால் தொட்டு, தள்ளினாள். ஏறியது. கடைசி விரற்கடையில் தவழ்ந்தது. தரையும் தரையும் ஒட்டின. அப்போதுதான் கதவைத் திறந்தாள். சுரம் மெல்ல, மணிக்கட்டிலிருந்து, கீல் நல்ல கதவுபோல அசைந்தது. சுண்டுவிரல் திருகைப் பத்துக்குத் தள்ள, ஆம்ப் தொண்டையைச் செருமிக்கொண்டது.

டாக்டரின் குச்சிகள் உள்ளே வந்தன. தாளத்தில் அரை அடி தயங்கி, பிறகு அவளுடைய வேகத்தில் வந்து உட்கார்ந்தன. மாமாவின் கம்பி அதிர, இருநூறு தாடைகளும் சேர்ந்துகொண்டன.

அச்சகக்காரர் பாடினார். முதல் வரி, இரண்டாம் வரி. அந்த நீள வரி வந்தது. அவர் வழக்கம்போல ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். அவள் திருகைக் குறைத்து அவருக்கு இடம் விட்டாள். பாதி போனது. முக்கால் போனது. அவர் விழுகிற இடம் வந்தது. அவர் விழவில்லை. குரல் நேராக நடந்துபோய், வரியின் கடைசிச் சொல்லைத் தொட்டு, அங்கே நின்றது. சுவரைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது. மிச்ச மூச்சை என்ன செய்வதென்று அவருக்கு ஒரு கணம் தெரியவில்லை. அடுத்த கணம் அவர் விசிலடித்தார்.

விசிலடித்துக்கொண்டே திரும்பினார். வாய் குவிந்திருக்க, கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"திரும்பாதய்யா!" என்று கத்தினார் டாக்டர், அடிப்பதை நிறுத்தாமல். "பாட்டு முடியல!"

"என் நுரையீரல் தேயலடா!" என்று அச்சகக்காரர் பதிலுக்குக் கத்தினார். "தேஞ்சது உன் பித்தளை!"

டாக்டரின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவரும் இருக்கையோடு சுழன்று திரும்பிவிட்டார், தான் வைத்த சட்டத்தைத் தானே மீறி, குச்சிகளைக் காற்றில் ஒரு சுற்று விட்டுப் பிடித்து. "பதினஞ்சாம் தேதி நாலு மணிக்கே வந்துடும்மா! வெர்னியரையும் கொண்டு வா!"

கடைக்காரர் குனிந்து பெடல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். பாதியில் விட்டுவிட்டு, உட்கார்ந்து கேட்டார்.

தனி வாசிப்புக்கான இடம் வந்தது. அவள் நாலு சுரம் வாசித்தாள். நாலாவதை மேலே தள்ளி, சரியான மட்டத்தில் நிறுத்தி, பிடித்துக்கொண்டாள். டேப்பில் இந்த இடத்தில் நிதானம் இரண்டு அடி காத்திருந்துவிட்டுப் போய்விடுவார். பதினெட்டு வருடமாக அவளும் அவர் பின்னாலேயே ஓடியிருக்கிறாள்.

இரண்டு அடி ஆனது. அவள் போகவில்லை. சுரத்தைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். டாக்டரின் குச்சிகள் மேலே நின்றன. மாமாவின் விரல் கம்பியைத் தொடாமல் தொட்டுக்கொண்டிருந்தது. அச்சகக்காரர் மூச்சை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவள் இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.